பக்கத்து நிலத்துப் பால்மரம் சாய்ந்து அடுக்களைக் கூரை போனது: செலவு யார் தலையில்?

தாமான்வாசி எழுதியது:

வணக்கம். வீடு சுங்கை சிப்புட்டில், பழைய தோட்டத்தை ஒட்டிய தாமானின் (குடியிருப்பின்) கடைசி வரிசை. பின்னால் மூன்று ஏக்கர் பால்மரக் (ரப்பர்) காடு, தனியார் நிலம். நேற்று விடியற்காலைக் காற்றில், வேலியிலிருந்து ஆறடி தள்ளி நின்ற மரம் வேரோடு சாய்ந்து எங்கள் பக்கம் விழுந்துவிட்டது. செங்கல் சுவர் 4 மீட்டர், அடுக்களைக் கூரையில் பழைய அஸ்பெஸ்டாஸ் தகடு 6 போயிற்று. மரம் இன்னும் கூரைமேல்தான் கிடக்கிறது. யாருக்கும் அடியில்லை.

காண்ட்ராக்டர் கேட்கும் தொகை ரிம6,800 (மலேசிய வெள்ளி): மரத்தை அறுத்து அகற்ற 1,200, சுவருக்கு 2,400, கூரைக்கு 3,200.

நிலத்துக்காரர் யாரென்று தெரியவில்லை. அங்கே பால் வெட்டுகிறவர், "காத்துல விழுந்தது, கடவுள் செயல், யாரும் காசு கொடுக்க மாட்டாங்க" என்கிறார். அவர் சொல்வது சரியா? மரம் அவர்களுடையது என்றால் செலவும் அவர்களுடையதுதானே? அதன் பக்கத்தில் இன்னொரு மரமும் எங்கள் பக்கம் சாய்ந்து நிற்கிறது. அதை நாமே வெட்டிவிடலாமா?

---

எல்லைக்கல் எழுதியது:

மரம் யாருடையதோ அவர்தான் கட்ட வேண்டும் என்று சட்டம் இல்லை. காற்றில் விழுந்தால் யாரும் கட்ட வேண்டாம் என்றும் இல்லை. நீங்களும் பால் வெட்டுகிறவரும் பாதி பாதி சரி.

பக்கத்து மரம் விழுந்தால் யார் கட்டுவது என்று தனியாக ஒரு சட்டப் பிரிவு நம் நாட்டில் கிடையாது. 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தின் 3-ஆம் பிரிவு வழியாக வந்த இங்கிலாந்துப் பொதுச் சட்டம்தான் அடிப்படை. அது கேட்பது ஒன்றே ஒன்று: இந்த மரம் ஆபத்தானது என்று நிலத்துக்காரருக்குத் தெரிந்திருந்ததா, அல்லது சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்குமா? ஆம் என்று நீங்கள் நிரூபித்தால் அவர் கட்டணும். முடியாவிட்டால் அவரவர் பக்கத்துச் சேதம் அவரவருக்கு. நிரூபிக்கும் பொறுப்பு கேட்கிறவருக்குத்தான்.

1951-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த காமினர் வழக்கில், லண்டனில் பழைய எல்ம் மரம் ஒன்று போய்க்கொண்டிருந்த காரின் மேல் விழுந்தது. வேர் அழுகியிருந்தது, ஆனால் வெளியில் எந்த அடையாளமும் இல்லை. நிலத்துக்காரர் பொறுப்பில்லை என்றே தீர்ந்தது. அதனால் உங்கள் வழக்கின் உயிர், மரத்தில் வெளியில் தெரிந்த அடையாளம் என்ன என்பதில்தான் இருக்கிறது. "நான் காட்டுப் பக்கமே போறதில்லை, எனக்கெப்படித் தெரியும்?" என்ற பதில் மட்டும் நிலத்துக்காரரைக் காப்பாற்றாது. வீட்டு வரிசையை ஒட்டி மரம் வைத்திருப்பவர் அவ்வப்போது போய்ப் பார்க்கக் கடமைப்பட்டவர்.

"கடவுள் செயல்" என்பதற்கு வருகிறேன். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் அடிக்கும் காற்று மேற்குக் கரைக்குப் புதிதல்ல, ஆண்டுதோறும் வருவது. அதே வரிசையில் மற்ற மரங்கள் நிற்க, இது மட்டும் விழுந்தால் காற்றைவிட மரத்தின்மேல்தான் சந்தேகம் போகும். நிற்கும் வரிசையையும் சேர்த்துப் படம் எடுங்கள். அருகிலுள்ள நிலையத்தின் காற்று வேகப் பதிவை வானிலை ஆய்வுத் துறையிடம் கட்டணம் செலுத்திக் கேட்டு வாங்கலாம். ஊரெங்கும் நல்ல மரங்களும் சாய்ந்திருந்தால் இந்த வாதம் உங்களுக்கு எதிராகவே திரும்பும், அதையும் மனத்தில் வையுங்கள்.

நிலத்துக்காரரைக் கண்டுபிடிக்க மாவட்ட நில அலுவலகத்தில் சாரியான் (நில உரிமைப் பதிவுத் தேடல்) போடுங்கள். லாட் (மனை) எண்ணும் முக்கிம் (வட்டாரம்) பெயரும் தேவை. உங்கள் கெரானோடு (நிலப் பட்டாவோடு) உள்ள பிளானில் பெரும்பாலும் பக்கத்து லாட் எண் போட்டிருக்கும். பல சிறுதோட்டங்களில் கெரான் இன்னும் இறந்துபோன பெரியவர் பெயரிலேயே கிடக்கும். அப்படியானால் வாரிசுகளையும், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துகிறவரையும் பாருங்கள். நிலத்தைக் கையில் வைத்து நடத்துகிறவர்மேலும் வழக்கு வரலாம். கூலிக்குப் பால் வெட்டுபவர் வேறு, குத்தகைக்காரர் வேறு. அவர் எந்த வகை என்று முதலில் கேளுங்கள்.

இன்னொன்று, வேலி என்பது எல்லை அல்ல. மரம் எல்லைக்கல்லுக்கு எந்தப் பக்கம் நின்றது என்பதே கணக்கு. ஆறடி தள்ளி என்றால் சந்தேகம் குறைவு, ஆனாலும் இரண்டு எல்லைக்கல்லையும் தேடிப் பார்த்துவிடுங்கள். கல் கிடைக்காமல் தகராறு வந்தால் உரிமம் பெற்ற நில அளவையாளர்தான் தீர்க்க முடியும்.

---

வெள்ளைவேர் எழுதியது:

மரத்தை அறுக்கும் முன் வேரைப் பாருங்கள். வழக்கு அங்கேதான் கிடக்கிறது.

நல்ல பால்மரம் காற்றில் சாய்ந்தால் வேர்கள் நார் நாராகக் கிழிந்து, பெரிய மண்தட்டைத் தூக்கிக்கொண்டு வரும். நோய்ப்பட்ட மரம் அப்படி வராது. வேர்கள் குட்டையாக, மொக்கையாக ஒடிந்திருக்கும், மண் கொஞ்சம்தான் ஒட்டியிருக்கும். ஆணிவேர் மேலும் பக்கவேர் மேலும் வெள்ளை நூல், அதுவும் தட்டையாகப் பிரிந்து பிரிந்து ஓடி வேரோடு ஒட்டிக்கிடந்தால் அது வெள்ளை வேர் நோய், தோட்டத்தில் ஆக்கார் பூத்தே என்பது. அடிமரத்தில் ஆரஞ்சு மஞ்சள் நிறத்தில் தட்டுத் தட்டாகக் காளான் இருக்கிறதா என்றும் பாருங்கள். நிலத்துக்குக் கீழே உள்ள நூல் யார் கண்ணுக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அடிமரத்துக் காளானும், இலை மஞ்சளித்து உச்சி மெலிந்ததும் மேலேயே தெரிபவை. எல்லைக்கல் சொன்ன "பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்" என்பதற்கு இவைதான் சாட்சி.

வெள்ளை நூல் காய்ந்தால் மங்கிவிடும், அதனால் இன்றே படம். பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து, கிட்டேயும் எட்டேயும் எடுங்கள். அறுத்த முகத்தையும் அறுத்த அன்றே எடுக்க வேண்டும். பால்மரக் கட்டை ஓரிரு நாளிலேயே நீலக் கறுப்பாகக் கறை பிடிக்கும். பிறகு எடுத்த படத்தில் அழுகல் எது, கறை எது என்று எதிர்த்தரப்பு குழப்பும். வேர்க்கட்டை அவர் நிலத்தில் இருக்கிறது, அனுமதி இல்லாமல் உள்ளே போகாதீர்கள். உங்கள் பக்கமிருந்து எட்டுகிற வரை எடுங்கள், மீதிக்குப் பால் வெட்டுகிறவரையே துணைக்குக் கூப்பிடுங்கள்.

இனி அறுப்பது. ஒரு முனை வேரிலும் மறுமுனை கூரையிலும் தாங்கி நிற்கும் மரத்தின் மேல்பக்கம் அமுங்கியிருக்கும், அடிப்பக்கம் இழுபட்டிருக்கும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அறுத்தால் சங்கிலி கடிபட்டு ரம்பம் மாட்டிக்கொள்ளும். மேலே மூன்றில் ஒரு பங்கு, பிறகு அடியிலிருந்து மேல்நோக்கி முடிக்க வேண்டும். கூரையைத் தாண்டித் தொங்கும் நுனிப் பக்கத்துக்கு இது தலைகீழ்: அடியில் முதல் வெட்டு, மேலிருந்து முடிப்பது. பாரம் தாங்காத கிளைகளை முதலில் எடுத்து, தண்டுக்கு முட்டுக் கொடுத்து, கயிறு கட்டி இரண்டடித் துண்டாக இறக்கச் சொல்லுங்கள். ஓரடிக் குறுக்களவுள்ள பச்சைக் கட்டை ஒரு மீட்டர் நீளம் அறுபது கிலோவை ஒட்டி வரும். அதை அப்படியே விட்டால் மீதித் தகடும் போகும். தண்டு அறுபட்டதும் வேர்க்கட்டை பழைய குழிக்குள் பட்டென்று திரும்பி நிமிரும், அந்தப் பக்கம் ஆள் நிற்கவே கூடாது. பிள்ளைகளை வீட்டுக்குள் வையுங்கள்.

அஸ்பெஸ்டாஸ் என்கிறீர்கள். உடைந்த தகட்டைத் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்துத்தான் எடுக்க வேண்டும். காய்ந்த துடைப்பத்தால் கூட்டவோ மெஷினால் அறுக்கவோ கூடாது. கண்ணுக்குத் தெரியாத நார் நுரையீரலில் போய்த் தங்கும். பி100 வடிகட்டி உள்ள முகக்கவசம், தடித்த பிளாஸ்டிக்கில் இரண்டு சுற்று. சாதாரணக் குப்பையில் போட வேண்டாம், எங்கே ஒப்படைப்பது என்று நகராண்மைக் கழகத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

சுவிட்ச்போர்டு எழுதியது:

இதற்கெல்லாம் முன்னால், வீட்டுக்கு வரும் மின்கம்பியில் கிளை தொட்டிருக்கிறதா? தொட்டிருந்தால் யாரும் மரத்தில் கை வைக்கக் கூடாது. தெனாகாவுக்கு (மின்சார நிறுவனம்) 15454 எண்ணில் கூப்பிடுங்கள். கம்பி அறுந்து கிடந்தாலோ யாராவது மாட்டிக்கொண்டாலோ 999. கறுப்பு உறை போட்ட கம்பிதானே என்று நம்ப வேண்டாம், மரம் இழுத்ததில் உறை கிழிந்திருக்கலாம். கூரைக்குள் ஓடும் வயரிங்கில் மழைநீர் இறங்கினால் அடுக்களைச் சர்க்கியூட்டை நிறுத்தி வையுங்கள்.

---

பாலிசிப்பெட்டி எழுதியது:

பக்கத்துக்காரரிடம் பேசுவதற்கு முன் உங்கள் காப்புறுதியைத் திறந்து பாருங்கள். யார் தவறு என்று நிரூபிக்காமலே பணம் வரக்கூடிய வழி அது ஒன்றுதான்.

வங்கிக் கடன் உள்ள வீடு என்றால் வங்கி ஏதாவது ஒரு பாலிசி எடுத்திருக்கும். அது வெறும் தீ பாலிசியா, ஹவுஸ்ஓனர் பாலிசியா என்று பாருங்கள். தீ பாலிசியில் மரம் விழுவது தானாக அடங்காது. புயல்காற்று, மரமும் கிளையும் விழுதல் என்ற கூடுதல் பாதுகாப்புகளைப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். ஹவுஸ்ஓனரில் புயல்காற்று உண்டு, ஆனால் முதல் ஒரு தொகையை நீங்கள் தாங்க வேண்டும். சுவரும் வேலியும் அடங்குமா என்று தனியாகப் படியுங்கள். எம்.ஆர்.டி.ஏ. இருக்கிறது என்று நிம்மதியாக இருக்காதீர்கள். அது கடன் வாங்கியவர் இறந்தால் கடனை அடைப்பது, வீட்டுக்கூரைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

பலருக்கு அடி விழும் இடம் குறைந்த தொகைக்கு எடுத்த பாலிசி. வீட்டை மறுபடி கட்ட 1,20,000 வெள்ளி ஆகும், பாலிசி 60,000-க்கு என்றால், 6,000 வெள்ளி சேதத்துக்குப் பாதிதான், 3,000 வரும். அதிலிருந்தும் நீங்கள் தாங்கும் தொகை கழியும்.

உடனே தெரிவியுங்கள், போலீஸ் புகார் கேட்பார்கள், அதையும் செய்துவிடுங்கள். மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை உடைந்ததைத் தூக்கி எறிய வேண்டாம். ஆனால் மழை உள்ளே வராமல் தார்ப்பாய் கட்டுவது உங்கள் கடமை, ரசீதை வையுங்கள். கட்டாமல் விட்டு அடுக்களை அலமாரி ஊறினால் அந்தச் சேதத்தைத் தர மறுப்பார்கள். மிக முக்கியம்: பக்கத்துக்காரர் ஐந்நூறு வெள்ளி கொடுத்து "இத்தோடு கணக்குத் தீர்ந்தது" என்று எழுதி வாங்கினால் கையெழுத்துப் போடாதீர்கள். உங்களுக்குப் பணம் கொடுத்த காப்புறுதி நிறுவனத்துக்கு அவரிடம் திருப்பிக் கேட்கும் உரிமை உண்டு. அதை நீங்கள் அழித்தால் உங்கள் கோரிக்கையே சிக்கலாகும்.

---

தாமான்வாசி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. மின்கம்பியில் படவில்லை. வேரில் வெள்ளை நூல் இருக்கிறது, அடிமரத்தில் ஆரஞ்சு காளானும் இருக்கிறது, படம் எடுத்துவிட்டோம். வங்கிப் பாலிசி வெறும் தீ மட்டும். ஆக வழக்குதானா? சாய்ந்து நிற்கும் மரத்துக்கு என்ன செய்வது?

---

எல்லைக்கல் எழுதியது:

காளான் படம் கையில் இருப்பது பெரிய பலம். முதலில் கடிதம். மலாயில் எழுதுங்கள், பிறகு கோர்ட்டிலும் அதுவே பயன்படும். தேதி, நேரம், லாட் எண், என்ன சேதம், காளான் படம், மூன்று காண்ட்ராக்டர் விலைப்பட்டியல், 14 நாள் கெடு. பழைய கூரைக்குப் புதுக்கூரைக் காசு முழுவதும் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம், தேய்மானம் கழிப்பார்கள். ஏ.ஆர். பதிவுத் தபாலில் அனுப்பி, திரும்பி வரும் அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

பதில் இல்லையென்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு கோரிக்கை வழக்கு, படிவம் (பாரம்) 198. வக்கீல் கிடையாது, நீங்களே பேசலாம். உச்சவரம்பு ரிம5,000. உங்கள் தொகை 6,800. மேலுள்ள 1,800-ஐ விட்டுக்கொடுத்து 5,000 கேட்கலாம், அல்லது முழுத் தொகைக்குச் சாதாரண வழக்குப் போடலாம். சுவருக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று என்று இரண்டாக உடைத்துப் போட விடமாட்டார்கள். தேய்மானமும் கழியும் என்பதால் 5,000-த்தில் நிற்பதே எனக்கு நல்லதாகப் படுகிறது. காலக்கெடு ஆறு ஆண்டு. பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போய் அலையாதீர்கள், அது பொருள், சேவை வாங்கியவர்களுக்கு. இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: விழுந்தது சாலையோர மரமாக இருந்து நகராண்மைக் கழகம் அல்லது பொதுப்பணி இலாகா மீது வழக்கென்றால் கெடு 36 மாதம்தான்.

சாய்ந்த மரத்தை நீங்கள் வெட்ட முடியாது, அது அவர் நிலத்தில் நிற்கிறது. எல்லை தாண்டி உங்கள் பக்கம் வந்த கிளையை, அவர் நிலத்தில் கால் வைக்காமல், எல்லைக்கோடு வரை வெட்டலாம். 1895-ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வந்த லெமன் எதிர் வெப் வழக்கு உறுதி செய்த உரிமை இது. வெட்டிய கட்டை அவருடையது, விற்கவோ எரிக்கவோ வேண்டாம். கூரைமேல் கிடக்கும் தண்டுக்கும் இதே கதைதான்: உங்கள் பக்கத்தில் அறுத்து அடுக்கி வைத்துவிட்டு, எடுத்துப்போகச் சொல்லி எழுதுங்கள்.

இந்த இரண்டாவது மரத்துக்குத் தனிக் கடிதம் இன்றே போகட்டும். படம், சாய்மானம், பக்கத்து மரத்தில் வெள்ளை வேர் நோய் கண்டது, இத்தனை நாளுக்குள் வெட்டுங்கள் என்று. அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்த நாளிலிருந்து "எனக்குத் தெரியாது" என்று அவர் சொல்ல முடியாது. ஒரு நகலை நகராண்மைக் கழகத்துக்கும் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள்.

அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேல் உள்ள மரத்தை வெட்ட, நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும் என்று அவர் சாக்குச் சொல்லக்கூடும். செத்துக்கொண்டிருக்கும் மரத்துக்கும் உடனடி ஆபத்தைத் தடுக்க வெட்டுவதற்கும் அதில் விலக்கு உண்டு.

---

வெள்ளைவேர் எழுதியது:

ஒரே ஒரு சேர்ப்பு. சாய்ந்து நிற்கும் மரத்தின் வேர் உங்கள் பக்கம் ஓடி வந்திருந்தால் அதை மட்டும் வெட்டிவிடாதீர்கள், உரிமை இருந்தாலும். அது மரத்தைப் பிடித்து நிறுத்தும் வேராக இருக்கலாம், எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல முடியாது. நிலத்துக்காரர் வந்தால் வரிசையில் அடுத்த மூன்று நான்கு மரங்களின் கழுத்துவேர் மண்ணையும் விலக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். இந்த நோய் வேரோடு வேர் தொட்டுத்தான் போகும். விழுந்த மரத்தின் வேர்க்கட்டையைத் தோண்டி எடுக்காமல் விட்டால் அங்கிருந்தே பரவும். கூரையை இப்போது மாற்றுவதாக இருந்தால், சாய்ந்து நிற்கும் அந்த மரத்தை வெட்டிய பிறகு மாற்றுங்கள். அதுவரை அந்தப் பக்க அறையில் யாரும் படுக்க வேண்டாம்.