பிரையன் மே ஆய்வை விட்டாரா, ஒத்திவைத்தாரா?

கதிர்வேலன்: "ஆய்வை உதறிவிட்டு மனத்துக்குப் பிடித்ததைச் செய்தால் வெற்றி தானாக வரும், பிரையன் மே ஒருவரே போதிய சான்று" என்று நேற்று எழுதிய மாலதி அவர்களிடம் ஒரு கேள்வி. 1974இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியின் முனைவர் பட்ட ஆய்வைப் பாதியில் நிறுத்திவிட்டு தான் கிதார் வாசித்த 'குயீன்' என்ற பிரித்தானிய ராக் இசைக்குழுவே கதியென்று போனவர், 2007இல் அதே கல்லூரியில் ஆய்வேட்டை ஒப்படைத்துப் பட்டம் பெற்றதை ஏன் சொல்லாமல் விட்டீர்கள்?

மாலதி: எதையும் மறைக்கும் தேவை எனக்கில்லை. 33 ஆண்டுகள் மேடையில் கிதார் வாசித்தவர் ஆய்வை விட்டவர்தான். அறுபது வயதில் வாங்கிய பட்டத்தை வைத்துக்கொண்டு அவர் வேலை தேடியா போனார்?

கதிர்வேலன்: நான் வேலையைக் கேட்கவில்லை, 2007ஐக் கேட்டேன். கோள்களுக்கு இடையே மிதக்கும் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளியை டெனரீஃப் தீவிலிருந்து ஆராய்ந்து, அந்த ஒளியின் நிறமாலையில் மக்னீசியத்துக்குரிய கோடு தன் இடத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று அளந்து, அந்தத் தூசியின் வேகத்தைக் கணித்தவர் அவர். 1972லேயே 'நேச்சர்' அறிவியல் இதழில் அவர் பெயரும் இடம்பெற்ற கட்டுரை வெளிவந்துவிட்டது. இசையிலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு குதிக்கவில்லை. குழுவின் முதல் இசைத்தொகுப்பு 1973இல் வந்தது, அடுத்தது 1974இல். இன்னும் தரவே திரட்டாத மாணவரிடம் இவரை முன்மாதிரியாகக் காட்டுவது பொறுப்பற்ற செயல்.

செந்தில்: பெயரும் புகழும் இருந்ததால் கல்லூரி கதவைத் திறந்தது. நம்மில் ஒருவர் 33 ஆண்டு கழித்துப் போயிருந்தால் வாயிற்காவலரே திருப்பி அனுப்பியிருப்பார்.

கதிர்வேலன்: புகழ் தூசியை அளக்காது, செந்தில். அந்தத் துறையில் இடைப்பட்ட காலத்தில் நடந்த ஆய்வுகளையெல்லாம் படித்துச் சேர்த்து, வானியற்பியலாளர் மைக்கேல் ரோவன்-ராபின்சன் மேற்பார்வையில் எழுதி முடித்த ஏடு அது. சென்ற மாதம் உதவித்தொகை விவாதத்திலும் இப்படித்தான் எதையும் படிக்காமல் தீர்ப்புச் சொன்னீர்கள்.

செந்தில்: அந்த விவாதத்தில் பதில் சொல்லாமல் விலகியவர் நீங்கள்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

பாஸ்கர்: கணப்படுப்பின் பழைய மரச்சட்டத்தை இழைத்துத் தந்தையோடு சேர்ந்து அவர் கிதார் செய்யத் தொடங்கியது 1963இல். இயற்பியல் பட்டம் வாங்குவதற்கு முன்பே கைக்கு வந்தது இசைதான். ஆகவே அவர் விட்டுப் போனார் என்பதே பிழை, தன் இடத்துக்குத் திரும்பினார் என்பதே சரி.

மாலதி: நான் சொன்னதும் அதுவேதான், பாஸ்கர் அண்ணா. பிடித்ததைச் செய்தார், வென்றார்.

கதிர்வேலன்: கிதாரின் மரத்தைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. ஆய்வை உதறியவர் 2007இல் எதற்காகத் திரும்பி வந்தார் என்பதற்கு உங்கள் இருவரில் ஒருவரும் இன்னும் பதில் சொல்லவில்லை.

மாலதி: 33 ஆண்டுகள் ஏன் திரும்பவில்லை என்பதற்கு முதலில் நீங்கள் பதில் சொல்லுங்கள்.