ஓய்வுநாள் சனிக்கிழமையா, ஞாயிற்றுக்கிழமையா?

ஆயத்தநாள் எழுதியது:

சகோதர சகோதரிகளுக்கு ஸ்தோத்திரம். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு வரை நானும் ஞாயிற்றுக்கிழமையே ஓய்வுநாள் என்று எண்ணியிருந்தவன்தான். நம் ஊர்களில் பிள்ளைகள் ஞாயிறு காலையில் போகும் வகுப்புக்கே ‘ஓய்வுநாள் பாடசாலை’ என்று பெயர் இருக்கும்போது வேறு எப்படி எண்ணுவது? பிறகு யாத்திராகமம் 20ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்தேன். பத்துக் கட்டளைகளில் ஒன்பதை எழுத்துப்படி ஏற்றுக்கொள்கிற நாம், ஓய்வுநாளைப் பற்றிய நான்காவதில் மட்டும் ‘ஏழாம் நாள்’ என்பதை ‘ஏழில் ஏதாவது ஒரு நாள்’ என்று மாற்றி வாசிக்க அதிகாரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை. எது ஏழாம் நாள் என்பதிலும் ஐயமில்லை. போர்த்துக்கீசிய மொழியில் சாபடு, ரஷ்ய மொழியில் சுப்போத்தா, அரபியில் சப்த் என்று சனிக்கிழமையின் பெயருக்குள்ளேயே ஓய்வுநாள் இருக்கிறது. கி.பி. 321இல் ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் சூரியனுடைய நாளில் நீதிமன்றங்களும் நகரத்துத் தொழில்களும் ஓய வேண்டும் என்று ஆணையிட்டார். அதே நூற்றாண்டில் லவோதிக்கேயாவில் கூடிய திருச்சபைத் தலைவர்களின் சங்கம், கிறிஸ்தவர்கள் சனிக்கிழமையில் ஓய்ந்திராமல் வேலை செய்ய வேண்டும் என்று விதித்தது. அப்படி விதிக்க வேண்டிய தேவை வந்தது என்றால், அதுவரை ஓய்ந்திருந்த கிறிஸ்தவர்கள் இருந்தார்கள் என்றுதானே பொருள்?

இதை வெளிநாட்டு மிஷன் கொண்டுவந்த போதனை என்று ஒதுக்குகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 1850களின் பிற்பகுதியில், திருநெல்வேலிச் சீமையின் நாசரேத் பகுதியில், மிஷனரிகளைவிட்டுப் பிரிந்த அருமைநாயகம் சட்டாம்பிள்ளை தொடங்கிய இந்து கிறிஸ்தவ சபை சனிக்கிழமையையே ஓய்வுநாளாக ஆசரித்தது. சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை அமெரிக்காவில் அமைப்பாக உருவானதே 1863இல்தான். யாரும் வந்து கற்பிக்கும் முன்பே, வேதத்தைத் தாமே வாசித்து நம் மண்ணில் ஒருவர் அந்த முடிவுக்கு வந்திருக்கிறார்.

தரங்கைவாசி எழுதியது:

ஐயா, சட்டாம்பிள்ளையின் துணிவை நானும் மதிக்கிறேன். ஆனால் கான்ஸ்டன்டைனுக்கு நீங்கள் அளவுக்கு மீறிய பங்கைக் கொடுக்கிறீர்கள். அவருக்கு ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்கு முன்பே, இரத்தசாட்சியாக மரித்த ஜஸ்டின், கிறிஸ்தவர்கள் சூரியனுடைய நாளில் ஒன்றுகூடி, வேதம் வாசித்து, அப்பம் பகிர்ந்ததை எழுதிவைத்திருக்கிறார். வாரத்தின் முதல் நாளில் சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடினார்கள் என்னும் அப்போஸ்தலர் 20:7 அதற்கும் முந்தியது. மேலும், போஜனத்தையும் பண்டிகையையும் ஓய்வுநாளையும் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தாதிருப்பானாக என்று பவுல் கொலோசெயருக்கு எழுதியதை என்ன செய்வீர்கள்?

நான் ஞாயிறுதான் ஓய்வுநாள் என்று வாதாடவும் இல்லை. நான் லுத்தரன். எங்கள் சபைகளின் அடிப்படை ஆவணமான 1530ஆம் ஆண்டின் அவுக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, ஓய்வுநாளுக்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமையைத் திருச்சபை கட்டாயமாக ஏற்படுத்தியது என்று நினைப்பவர்கள் தவறுகிறார்கள் என்றே சொல்கிறது; எப்போது கூடிவர வேண்டும் என்று ஜனங்கள் அறிந்துகொள்ள ஒரு நாள் தேவைப்பட்டது, அவ்வளவுதான். ஞாயிறையே ‘கிறிஸ்தவ ஓய்வுநாள்’ என்று அழைத்தது 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கை. பிரிட்டனில் வேரூன்றிய அந்த வழக்கின் சாயல்தான் நம் பாடசாலையின் பெயரிலும் படிந்திருக்கிறது என்று கருதுகிறேன். எபிரெயர் 4ஆம் அதிகாரத்தின்படி நமக்கு வாக்களிக்கப்பட்ட இளைப்பாறுதல் ஒரு கிழமைக்குள் அடங்குவதில்லை. தன் கிரியைகளால் தேவனைப் பிரியப்படுத்த முயல்வதை விட்டுவிட்டு கிறிஸ்துவைச் சார்ந்துகொள்கிறவன் செவ்வாய்க்கிழமையிலும் அந்த இளைப்பாறுதலில் இருக்கிறான்.

ஆயத்தநாள் எழுதியது:

ஜஸ்டினைக் குறித்து நீங்கள் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் கூடிவருவது வேறு, ஓய்ந்திருப்பது வேறு. ஏறத்தாழ 112ஆம் ஆண்டில் ரோம மாகாணமான பித்தினியாவின் ஆளுநர் பிளினி, கிறிஸ்தவர்கள் குறித்த ஒரு நாளில் விடியுமுன் கூடுகிறார்கள் என்று பேரரசருக்கு எழுதினார். விடிந்தால் வேலைக்குப் போக வேண்டியவர்களாக அவர்களில் பலர் இருந்திருப்பார்கள். நாம் ஞாயிறன்று ஆராதித்ததை ஓய்ந்ததாகக் கணக்கு வைத்துக்கொண்டோம் என்பதே என் வருத்தம். எல்லா நாளும் இளைப்பாறுதலே என்று சொல்லும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். அங்கே எல்லா நாளும் வேலைநாளாகத்தான் கழிகிறது.

இரவுப்பணி எழுதியது:

சகோதரர்கள் இருவரும் எழுதியதைப் பொறுமையாக வாசித்தேன். நான் செவிலியராக இருபது ஆண்டுகள் பணியாற்றியவள். ஞாயிற்றுக்கிழமை எனக்குப் பணி இல்லாத வாரங்களில் அதிகாலை நாலரை மணிக்கு எழுந்து, மதியத்துக்கு ஆட்டிறைச்சியை வேகவைத்துவிட்டு, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பி, ஆராதனைக்குப் போய்த் திரும்பி, உறவினர் எட்டுப் பேருக்குப் பரிமாறி, பாத்திரம் கழுவி முடித்தால் மாலையில் பெண்கள் ஐக்கியக் கூட்டம் இருக்கும். மருத்துவமனைப் பணியில் எனக்கு அதைவிட அதிக நேரம் உட்காரக் கிடைக்கும்.

நான்காம் கட்டளையை நானும் வாசித்தேன். மகன், மகள், வேலைக்காரன், வேலைக்காரி, மிருகஜீவன், வாசலில் இருக்கிற அந்நியன் என்று யார் யார் வேலை செய்யக்கூடாது என்பதைக் கட்டளை வரிசையாகச் சொல்கிறது. உபாகமம் எருதையும் கழுதையையும்கூடப் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. அந்த வரிசையில் மனைவி இல்லை. என் தாயார் அறுபது ஆண்டுகள் ஒரு ஞாயிறுகூட அடுப்பை விட்டு நகராமல் இருந்ததை நினைக்கும்போது, அந்த ஒரு சொல் விடுபட்டது எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். யாத்திராகமத்தில் ஓய்வுக்குக் காரணம் சிருஷ்டிப்பு. உபாகமம் 5இல் அதே கட்டளைக்குக் காரணம் வேறு: நீ எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைத்துக்கொள், நீ இளைப்பாறுவதுபோல உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் இளைப்பாற வேண்டும். 1890இல் பம்பாய் ஆலைத் தொழிலாளர்களுக்கு ஞாயிறு விடுமுறையைப் போராடிப் பெற்றவர் நாராயண் மேகாஜி லோகாண்டே. அவர் கிறிஸ்தவர் அல்ல, சமூகச் சீர்திருத்தவாதி ஜோதிராவ் புலேயின் வழியில் வந்தவர். உபாகமம் சொன்னதை நம்மைவிட அவர் செய்து காட்டியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

தரங்கைவாசி எழுதியது:

அம்மா, மனைவி விடுபடவில்லை, கணவனோடு ‘நீ’ என்ற அழைப்புக்குள்ளேயே அவளும் நிற்கிறாள் என்று உரை எழுதுகிறவர்கள் உண்டு. நானும் அப்படியே வாசிக்கிறேன். அவள் கட்டளையைப் பெறுகிறவள், கணவனால் ஓய்வளிக்கப்படுகிறவள் அல்ல. ஆனால் உங்கள் தாயாருடைய அடுப்புக்கு இந்த விளக்கம் பதிலாகாது என்பதை அறிந்தே எழுதுகிறேன். மார்ட்டின் லுத்தர் 1529இல் தம் பெரிய ஞானோபதேசத்தில், வாரமெல்லாம் உழைத்த வேலையாட்களும் பணிப்பெண்களும் ஒரு நாளாவது இளைப்பாற வேண்டும் என்பதை இந்த நாளின் காரணங்களில் ஒன்றாகச் சொல்கிறார். இந்த வாதத்தில் நான் அதை விட்டுவிட்டேன். நான் பேசிய கிறிஸ்தவச் சுயாதீனம் வீட்டுத் தலைவனுக்கு மட்டும் கிடைத்த சுயாதீனமாக இருந்திருக்கக்கூடும். ஆயினும், அதைச் சரிசெய்ய அன்பின் கட்டளை போதும், கிழமையைக் குறித்த கட்டளை வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை.

ஆயத்தநாள் எழுதியது:

அங்கேதான் நான் வேறுபடுகிறேன், ஐயா. அன்பினால் கொடுக்கப்படும் ஓய்வைக் கொடுக்கிறவர் தள்ளிப்போடலாம். ‘இந்த வாரம் விருந்தினர் வருகிறார்கள், அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிடலாம். நாள் நிச்சயிக்கப்பட்டிருந்தால்தான் எளியவர் அதைத் தம் உரிமையாகக் கேட்க முடியும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம்கூட வார விடுமுறையை முதலாளியின் நல்ல மனத்துக்கு விட்டுவிடவில்லை.

சகோதரிக்கு: எங்கள் வீட்டில் சனிக்கிழமை அடுப்பு மூட்டுவதில்லை. வனாந்தரத்தில் இஸ்ரவேலர் ஆறாம் நாளில் இரட்டிப்பாக மன்னா என்னும் உணவைச் சேர்த்ததுபோல வெள்ளி சூரியன் மறையுமுன் எல்லாம் ஆயத்தமாகிவிடும். அந்த வழக்கத்தின் பேரிலேயே இங்கு பெயர் வைத்துக்கொண்டேன்.

இரவுப்பணி எழுதியது:

நாள் நிச்சயமாக இருந்தால்தான் எளியவர் கேட்க முடியும் என்று நீங்கள் எழுதியதை நான் முழுமனதாக ஏற்கிறேன், சகோதரரே. ஆனால் எல்லாருக்கும் ஒரே நாள் என்பது எங்கள் வார்டில் நடக்காது. ஆண்டவரும் ஓய்வுநாளில் நோயாளியைக் காத்திருக்கச் சொல்லவில்லை. பணிப் பட்டியலில் ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் எழுதப்பட்டிருக்கும், அதை மேற்பார்வையாளர்கூட எளிதில் தொட முடியாது. இந்த வாரம் என் நாள் புதன்கிழமை.

வெள்ளிக்கிழமை சூரியன் மறையுமுன் இரண்டு நாள் உணவை உங்கள் வீட்டில் சமைப்பது யார் என்பதை நீங்கள் எழுதவில்லை. உங்கள் மனைவியாரிடம் கேட்டு, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். நான் இப்போது பணிக்குப் புறப்படுகிறேன். புதன்கிழமை காலையில் வந்து வாசிக்கிறேன்.