அண்ணாவின் சைக்கிள் ஜேர்சியை என் அளவுக்குத் தைப்பது எப்படி?

உப்புவெளி சைக்கிள்:

வணக்கம். தையல் தெரிந்தவர்களும் சைக்கிள் ஓடுபவர்களும் கொஞ்சம் உதவ வேண்டும்.

கனடாவில் இருக்கும் அண்ணா, தான் பாவித்த இரண்டு சைக்கிள் ஜேர்சியும் ஒரு லைக்ரா காற்சட்டையும் அனுப்பியிருக்கிறார். நல்ல சாமான், நிறம்கூட மங்கவில்லை. ஆனால் அவர் ஆறடி, நான் ஐந்தடி இரண்டு அங்குலம். ஜேர்சி மார்புச் சுற்றில் எனக்கு 4 அங்குலம் கூட. சனிக்கிழமை விடிய ஐந்தரைக்கு திருகோணமலை உப்புவெளியில் வெளிக்கிட்டு நிலாவெளி தாண்டி இறக்கக்கண்டிப் பாலம்வரை போய் வருவேன். இப்போது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று அடிக்கும் காலம். திரும்பி வரும்போது காற்று ஜேர்சிக்குள் புகுந்து முதுகில் புடைத்து நிற்கிறது. பின் பொக்கெற்றில் ஃபோனும் இரண்டு வாழைப்பழமும் போட்டால் எல்லாம் தொங்கி சீற்றில் முட்டுகிறது.

வீட்டில் அம்மாவின் கறுப்பு மிதி மெஷின் இருக்கிறது. நேர்த்தையல் மட்டும்தான் வரும். ஒரு ஜேர்சியின் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்தேன். கண்ணாடிக்கு முன் நின்று பார்த்தால் அச்சொட்டாக இருந்தது. போன சனி சாம்பல்தீவுக்குக் கிட்டப் போகும்போது குனிந்து ஹாண்டிலைப் பிடித்தேன். விலாப்பக்கத்தில் 'டிக், டிக்' என்று நூல் அறுகிற சத்தம். வீட்டுக்கு வந்து பார்த்தால் அக்குளில் இருந்து இடுப்புவரை திறந்து கிடந்தது. துணிக்கு ஒன்றும் ஆகவில்லை, நூல்தான் போனது.

அண்ணா பல வருடம் போட்டு ஓடிய உடுப்பு. தெரியாமல் வெட்டிக் கெடுக்க மனம் வரவில்லை. என்ன செய்யலாம்?

திருக்கடலூர் தையல் அம்மா:

பிள்ளை, இது பின்னல் துணி, லைக்ராவும் கலந்தது. இழுத்தால் நீளும். நேர்த்தையலில் நூலுக்கு நீள இடமில்லை, அதனால் அறுகிறது. நான் ஒவ்வொரு வருடமும் தை, மாசியில் பள்ளிக்கூட இல்ல விளையாட்டுப் போட்டிக்கு ஓட்டக்காரப் பிள்ளைகளின் உடுப்புத் தைக்கிறவள். முதல் வருடம், நூறு மீற்றர் ஓட வந்த ஒரு பிள்ளை கோட்டில் குனிந்த இடத்திலேயே நான் தைத்த காற்சட்டை விட்டுப்போனது. அது ஓடாமல் அழுதுகொண்டு போனது. அதற்குப் பிறகுதான் இந்தத் துணியை வடிவாகப் படித்தேன்.

முதலில் ஊசியை மாற்றுங்கள். சாதாரண ஊசியின் கூர் முனை பின்னல் இழையைக் குத்தி அறுக்கும், தையலும் விட்டு விட்டு விழும். முனை உருண்ட ஊசி இருக்கிறது. பக்கெற்றில் ஸ்ட்ரெச் என்றும் 75/11 என்றும் போட்டிருக்கும். பருத்தி நூல் வேண்டாம், வியர்வையில் உக்கிப்போகும். பொலியெஸ்டர் நூல் எடுங்கள்.

சிக்சாக், அதாவது வளைந்து வளைந்து போகும் தையல், வருகிற மெஷின் என்றால் அகலம் 1 மில்லிமீற்றர், நீளம் 2 மில்லிமீற்றர் வைத்துத் தைத்து முடித்துவிடலாம். உங்களுடையதில் வராது என்றாலும் வழி இருக்கிறது. மேல்நூல் இறுக்கத்தைக் கொஞ்சம் தளர்த்துங்கள். தையலைச் சின்னதாக, 2 மில்லிமீற்றர் அளவில் வையுங்கள். ஊசிக்கு முன்னால் ஒரு கை, பின்னால் ஒரு கை வைத்து, துணியை மெல்ல இழுத்துப் பிடித்தபடி மிதியுங்கள். இழுவை கூடினால் ஓரம் அலை அலையாக நெளியும், ஒரு துண்டில் பழகினால் கைக்கே தெரிந்துவிடும். பிறகு 3 மில்லிமீற்றர் தள்ளி, உள்மடிப்புப் பக்கமாக இரண்டாவது வரி. இழுத்தால் நீளுகிற சுருள் நைலோன் நூல் கிடைத்தால், அடிநூல் சுற்றுகிற பொபினுக்கு அதைப் போடுங்கள். ஆனால் கையால்தான் சுற்ற வேண்டும், மெஷினில் சுற்றினால் இழுபட்டுவிடும். துணி ஊசித் துவாரத்துக்குள் இறங்கினால் அடியில் மெல்லிய தாள் வைத்துத் தைத்துவிட்டுக் கிழித்தெடுங்கள்.

அக்குளடிக்கு மட்டும் நான் மெஷினை நம்பமாட்டேன். அந்த இடத்தில் ஒரு நாலு அங்குலத்துக்குக் கையால் பின்தையல், நூலை இறுக்காமல்.

பழைய லெக்கின்ஸ் துண்டொன்றில் தைத்து இரண்டு கையாலும் முழுதாக இழுத்துப் பாருங்கள். 'டிக்' என்று கேட்டால் ஜேர்சியில் கை வைக்க வேண்டாம். சூடான அயனும் வேண்டாம், லைக்ரா செத்துப்போகும்.

சீனக்குடா தம்பி:

அக்கா, தையல் பற்றி அம்மா சொல்லிவிட்டார். நான் அளவைப் பற்றிச் சொல்கிறேன். கண்ணாடிக்கு முன் நின்று அளந்ததும் ஒரு காரணம். இந்த ஜேர்சிகளை குனிந்து ஓடுவதற்கென்றே முன்பக்கம் கட்டையாக, பின்பக்கம் நீளமாக வெட்டுகிறார்கள். நிமிர்ந்து நிற்கும்போது அச்சொட்டாக இருந்தால் குனியும்போது முதுகில் இறுகும்.

சைக்கிளைச் சுவரோடு சாய்த்து ஏறி இருங்கள். ஜேர்சியை உட்புறம் வெளியே வரப் போட்டு, ஹாண்டிலை வழமையாகப் பிடிக்கிற இடத்தில் பிடியுங்கள். இன்னொருவர்தான் குண்டூசி குத்த வேண்டும். எனக்குத் தங்கச்சி குத்தினாள். கிண்ணியாப் பாலத்தில் பக்கக் காற்று அடிக்கும்போது சேர்ட் படபடக்காமல் ஓடுவது எவ்வளவு சுகம் என்று அதற்குப் பிறகுதான் தெரிந்தது.

4 அங்குலம் கூட என்று நாலையும் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பக்கமும் தையலை அரை அங்குலம் உள்ளே தள்ளினால் முன்னும் பின்னுமாகச் சேர்த்து மொத்தச் சுற்றில் 2 அங்குலம் குறையும். முதலில் அவ்வளவு போதும். ஒரு நாள் ஓடிப் பார்க்கும்வரை உள்ளே மிஞ்சும் துணியை வெட்ட வேண்டாம்.

பொக்கெற்றைப் பாருங்கள். ஓரப் பொக்கெற் இரண்டின் விளிம்பும் பக்கத் தையலுக்குள் போயிருக்கும். அங்கேயும் எடுத்தால் பொக்கெற் ஒடுங்கும், ஃபோன் போகாது. கையின் அடிவிளிம்பில் தொடங்கி, அக்குள் வழியாக, பொக்கெற் தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலே வந்து மெல்லப் பழைய தையலோடு சேர்த்துவிடுங்கள். தொங்குவதற்குக் காரணம் பெரும்பாலும் அடியில் இருக்கும் இலாஸ்டிக் தளர்ந்ததுதான். அதைப் பிரித்துப் புதிதாக, உங்கள் இடுப்பளவைவிட 3 அங்குலம் குறைவாக வெட்டிப் போட்டால் பாரம் மேலே நிற்கும்.

காற்சட்டையில் சீற்றில் படுகிற இடத்தில் உள்ளே மெத்தைபோலத் தைத்திருக்கும் பேட்டுக்குக் குறுக்கே எந்தத் தையலும் போட வேண்டாம். கால் தளர்வு என்றால் வெளிப்பக்கத் தையலில் எடுங்கள். உட்தொடைத் தையல் சீற்றில் உரசுகிற இடம், பத்துக் கிலோமீற்றரில் தோல் உரிந்துவிடும். இன்னொன்று, அது ஆண்களுக்கு வெட்டிய பேட். பெண்களுக்கானது பின்னால் அகலமாக இருக்கும். வலித்தால் உங்கள் உடம்பில் பிழை இல்லை, காற்சட்டையை மட்டும் புதிதாக வாங்குங்கள்.

உப்புவெளி சைக்கிள்:

இரண்டு கிழமை கழித்து எழுதுகிறேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

ஊசியும் நூலும் பிரதான வீதியில் கிடைத்தன, சுருள் நைலோன் கிடைக்கவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, நான் சைக்கிளில் குனிந்திருக்க அரைமணி நேரம் குண்டூசி குத்தினார். வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் கூடுதலாக எடுக்க வேண்டியிருந்தது. நான் ஒரு பக்கம் சாய்ந்து இருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. பழைய லெக்கின்ஸில் மூன்று தரம் தைத்து, மூன்றாவது தரம்தான் சத்தமில்லாமல் நீண்டது. அக்குளடி கைத்தையலுக்கு ஒரு பின்னேரம் முழுதும் போனது.

நேற்று இறக்கக்கண்டிவரை போய் வந்தேன். ஒரு நூலும் விடவில்லை. பாலத்தில் நின்று முதுகைத் தடவிப் பார்த்தேன், துணி உடம்போடு இருந்தது. அண்ணாவுக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்து, மற்ற ஜேர்சியையும் தைத்துப் போடச் சொன்னார்.

ஒரு கேள்வி மிச்சம். காற்சட்டையின் கால் விளிம்பில் உள்ளே சிலிக்கோன் பட்டி இருக்கிறது. வெளிப்பக்கத் தையலை அதுவரை கொண்டுபோனால் மெஷின் பாதத்தில் ஒட்டி, துணி நகரமாட்டேன் என்கிறது.

திருக்கடலூர் தையல் அம்மா:

அந்த இடத்தில் மேலும் கீழும் தாள் வைத்துத் தையுங்கள், ஒட்டாது. தைத்த பிறகு தாளைத் தையலோடு மடித்துக் கிழித்தால் சுத்தமாக வரும். முடிச்சை மட்டும் பட்டியின் மேல் விடாமல் அரை அங்குலம் மேலே கொண்டுபோய்ப் போடுங்கள், தொடையில் குத்தும்.