தண்ணீர்மலைங்கற பேரு எங்கேருந்து வந்துச்சு? வேற யாரு வீட்டுல இருக்கு?

கோட்டையூரான்:

எல்லாருக்கும் வணக்கம். எங்க அப்பச்சி (அப்பா) பேரு தண்ணீர்மலை. இப்ப எனக்கு மூத்த பையன் பொறந்திருக்கான், நம்ம நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வழக்கப்படி அப்பச்சி பேரைத்தான் வைக்கணும், எனக்கும் அதுதான் ஆசை. வீட்ல அவங்களும் நம்ம ஆளுகதான், ஆனா படிச்சது வளந்தது எல்லாம் பெங்களூரு, அவங்க ஃப்ரெண்ட்ஸ் இது என்ன பேரு, எந்த சாமின்னு கேக்குறாங்க, பதில் சொல்ல எனக்கே தெரியல. அப்பச்சியைக் கேட்டா "முருகன் பேருடா"ன்னு மட்டும் சொல்றாக. பழனின்னா பழனி, சிதம்பரம்னா சிதம்பரம், அண்ணாமலைன்னா திருவண்ணாமலை, தண்ணீர்மலைன்னா எந்த ஊரு? குன்னக்குடி, விராலிமலை, மருதமலைன்னு யோசிச்சுப் பாத்தா அப்படி ஒரு மலைக்கோயில் நம்ம பக்கம் இருக்கற மாதிரியே தெரியல.

நான் படிச்ச ஸ்கூல், காலேஜ், வேலை பாக்குற எடம் எங்கயும் இந்தப் பேருல ஒருத்தரைக்கூடப் பாத்ததில்ல. ஆனா ஊர்ல எங்க பங்காளி வீடுகளுக்குள்ளயே மூணு நாலு பேரு இருக்காக. அது எப்படி? எங்க குடும்பத்துல மட்டும் உள்ள பேரா, நகரத்தார்ல மத்த கோயில் பிரிவுக்காரவுக வீட்டுலயும் இருக்கா? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க, பர்த் சர்டிபிகேட்டுக்குப் பேரு குடுக்கணும்.

பாதயாத்திரை அடியார்:

முருகன் பேருங்கறது சரிதான் தம்பி. நம்ம காவடி தைப்பூசத்துக்கு குன்னக்குடியிலருந்து பழனிக்கு நடந்து போகுதுல்ல, அங்க மலையில அபிஷேகத் தண்ணியை வெச்சு வந்த பேரா இருக்கும்னு நெனைக்கிறேன். எங்க ஊர்லயும் ஒரு பெரியவர் இருந்தாக இந்தப் பேருல.

பினாங்குவாசி:

அண்ணே, பழனி ஆண்டவர் சம்பந்தம் இருக்கு, ஆனா மலை பழனி இல்ல. தண்ணீர்மலை இங்க மலேசியாவுல பினாங்குல இருக்கு, நான் தைப்பூசத்துக்கு வருஷா வருஷம் போற எடம்.

ஜார்ஜ்டவுன்லருந்து பொட்டானிக்கல் கார்டன் போற வழியில மலையும் அருவியுமா இருக்கும், வெள்ளக்காரங்க அந்த ரோட்டுக்கு வாட்டர்ஃபால் ரோடுன்னே பேரு வெச்சுட்டாங்க, இப்ப மலாய்ல ஜாலான் கெபுன் பூங்கா. நம்ம தமிழ் ஆளுகளுக்கு அது அன்னைக்கும் இன்னைக்கும் தண்ணீர்மலைதான். நகரத்தார் 1850கள்ல இங்க லேவாதேவிக்கு வந்து கிட்டங்கி (தொழில் பண்ற எடம்) போட்டு உக்காந்தாக, 1857ல அந்த மலையடிவாரத்துல தண்டாயுதபாணிக்குக் கோயில் கட்டிட்டாக. அடுத்த ரெண்டு வருஷத்துல, 1859ல, சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில். கொண்டுவிக்கப் (தொழில் பண்ணப்) போன ஊர்ல எல்லாம் பழனி ஆண்டவரைக் கூட்டிட்டுப் போயிருக்காக, அதனால இங்க உள்ள சாமி நம்மாளுகளுக்கு தண்ணீர்மலையான். அந்தப் பேரைத்தான் ஊர்ல போயி புள்ளைகளுக்கு வெச்சிருக்காக.

இன்னொண்ணு, மலை மேல படியேறிப் போற பாலதண்டாயுதபாணி கோயில் வேற, அதுக்கு 513 படி, இப்ப உள்ள பெரிய கோயில் 2012ல வந்தது. கீழ உள்ளதுதான் செட்டியார் கோயில். புதுசா வர்றவங்க ரெண்டையும் ஒண்ணுன்னு நெனச்சுக்கிறாங்க.

தைப்பூசத்துக்கு மொத நாள் காலையில பினாங்கு ஸ்ட்ரீட் கோயில் வீட்டுலருந்து வெள்ளி ரதம் கெளம்பும். வழி பூரா தேங்கா, ரோட்டோரத்துல ஆள் ஒசரத்துக்குக் குமிச்சு வெச்சிருப்பாங்க, சீனங்க குடும்பம் குடும்பமா வந்து நம்மாளுகளுக்குச் சமமா ஒடைப்பாங்க, ரதம் வர்றதுக்குள்ள ரோடு வெள்ளையாயிரும், செருப்பு எல்லாம் தேங்காத்தண்ணி, சில்லை அள்றதுக்குன்னே லோடர் வண்டி வரும். தண்ணீர்மலை போய்ச் சேர ராத்திரி ஆயிரும். பூசத்துக்கு மறுநா ரதம் திரும்புற வரைக்கும் சாமி அங்கதான். உங்க பையன் கொஞ்சம் பெரியவனானதும் ஒரு தைப்பூசத்துக்குக் கூட்டிட்டு வாங்க, அவன் பேரை ரோடெல்லாம் கூப்புடுறதைக் கேப்பான்.

பேரேடு:

பினாங்குத் தம்பி சொன்னதுதான் சரி. கூட ஒண்ணு சொல்றேன். கோயில் 1857, அதனால இந்தப் பேரு நம்ம வீடுகள்ல அதுக்குப் பின்னாடிதான் நொழைஞ்சிருக்கணும். உங்க வீட்டு வம்சாவளியில மேல போய்ப் பாருங்க, அதுக்கு முன்னாடி பொறந்தவுக யாருக்கும் இந்தப் பேரு இருக்காது.

எப்படி நொழைஞ்சிருக்கும்ங்கறதுதான் சுவாரசியம். மூத்தவனுக்கு அப்பச்சியைப் பெத்தவுக பேரு, ரெண்டாவது பையனுக்கு ஆத்தாவை (அம்மாவை) பெத்தவுக பேரு, இது ரெண்டும் கட்டாயம். அப்ப ஒரு வீட்டுல புதுப்பேரு வர்றதுக்கு எடமே மூணாவது பையன்தான். அவனுக்குத்தான் நேந்துக்கிட்ட சாமி பேரோ பிரியப்பட்ட பேரோ வைக்க முடியும். பினாங்குல மேலாளாவோ (கடைப் பொறுப்பாளர்) அடுத்தாளாவோ (அவுகளுக்கு அடுத்த நிலை) இருந்துட்டு வேலைத் தவணை முடிஞ்சு ஊருக்கு வந்தவுக, தொழிலைக் காப்பாத்திக் குடுத்த சாமி பேரை மூணாவதா பொறந்தவனுக்கு வெச்சிருப்பாக. அந்த மூணாவது பையன் வளந்து, அவுகளுக்கு அஞ்சு ஆம்பளப் புள்ளைன்னா, அஞ்சு பேரும் அவுகவுக மூத்த மகனுக்கு இதே பேரை வெச்சே ஆகணும். ஒரே வளவுல அஞ்சு தண்ணீர்மலை! பக்கத்துத் தெருவுல ஒண்ணு கூட இருக்காது. உங்க பங்காளி வீட்டுல மட்டும் கூட்டமா இருக்கறதுக்கு இதுதான் காரணம். மகளைக் கட்டிக்குடுத்த வீட்டுல ரெண்டாவது பேரனுக்கு வைப்பாக, அப்படித்தான் ஒரு கோயில்லருந்து இன்னொரு கோயிலுக்குப் பேரு போகும்.

இப்ப எல்லாரும் ஒண்ணோட நிறுத்திக்கிறோம், மிஞ்சிப்போனா ரெண்டு. ரெண்டாவது பையன் இல்லைன்னா ஆத்தா வீட்டு ஐயா (தாத்தா) பேரு இந்த வீட்டுக்கு வராமயே போச்சு. மூணாவது பையனே இல்லைன்னா புதுப்பேருக்கு வழியே கெடையாது. பழனியப்பன், சிதம்பரம், அண்ணாமலைக்கு ஒண்ணும் ஆகாது, அது ஊருக்கு நூறு இருக்கு. தண்ணீர்மலை, சேவுகன், ஆவிச்சி மாதிரி நாலஞ்சு வீட்டுல மட்டும் ஓடுற பேருதான் அடிபடுது. எனக்கு அதுல ரொம்ப வருத்தம் உண்டு. மூத்த பையனுக்கு வைக்கிற வாய்ப்பு உங்க கையில இருக்கு தம்பி, விட்டுறாதீக.

புதுவயல் ஆச்சி:

பேரு பழசா இருக்கே, கூப்புட எப்படி இருக்கும்னு உங்க வீட்ல அவுக யோசிப்பாக, அது பொம்பளைக கவலை, எனக்குத் தெரியும். எங்க மாமனார் பேரும் இதேதான். மாமனார் பேரை நாங்க வாயால சொல்றது இல்ல, அதனால மூத்தவனை நான் ஒருநாளும் தண்ணீர்மலைன்னு கூப்புட்டது கெடையாது. எனக்கு அவன் "ஐயா". அப்பத்தாவுக்கு "ராசா". ஸ்கூல்ல டீச்சருக மட்டும்தான் முழுப்பேரு சொல்லிக் கூப்புட்டாக. இப்ப அவன் துபாய்ல வேலை பாக்குறான், அங்க கூட உள்ளவுக "மலை"ங்கறாகளாம், அவனுக்கு அது புடிச்சுத்தான் இருக்கு.

எங்க மாமனார் கண் மூடுறதுக்கு முன்னாடி பேரனை மடியில வெச்சுக்கிட்டு, தன் பேரைத் தானே சொல்லி அவனைக் கூப்புட்டுச் சிரிப்பாக. அது எங்களால முடியாத காரியம்ல, அவுக ஒருத்தருக்குத்தான் அந்தப் பேரைச் சொல்ல உரிமை. உங்க அப்பச்சி நல்லா இருக்காக, அவுக வாயால கூப்புடட்டும்.

கானாடுகாத்தான்97:

நான் கொஞ்சம் வேற மாதிரி சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் ஐயா பேருதான், வேற ஒரு அரிய பேரு. பேரோட வரலாறு எனக்கு இப்பத்தான் பெருமை, எட்டாங்கிளாஸ்ல இல்ல. அட்டெண்டன்ஸ் எடுக்கறப்ப எல்லாம் பசங்க திரும்பிப் பாப்பானுக. தண்ணின்னு ஆரம்பிக்கிற பேருக்கு என்னல்லாம் கிண்டல் வரும்னு உங்களுக்கே தெரியும். எங்க சித்தப்பச்சி மகனுக்கு சர்டிபிகேட்ல ஒரு சின்னப் பேரு, சாமி வீட்டுல, கோயில் புள்ளி வரியில (குடும்பக் கணக்குல கட்டுற வரி), கல்யாணப் பத்திரிகையில எல்லாம் ஐயா பேரு. ரெண்டும் ஓடுது. அதையும் யோசிங்க.

பேரேடு:

கானாடுகாத்தான் தம்பி, உங்க கஷ்டம் புரியுது. ஆனா நான் பாத்த வரைக்கும் ரெண்டு பேரு வெச்ச வீடுகள்ல அடுத்த தலைமுறைக்கு சர்டிபிகேட் பேருதான் போய்ச் சேருது. அந்தப் பையன் ஐயா ஆகுறப்ப பேரனுக்கு எந்தப் பேரை வைப்பாக? இனிஷியல் எதுலருந்து வரும்? கிண்டல் ரெண்டு மூணு வருஷம், பேரு போனா திரும்ப வராது.

கோட்டையூரான்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. பேரேடு அண்ணே சொன்ன மாதிரி சனிக்கிழமை ஊருக்குப் போயி ரெண்டாங்கட்டு அறையைத் தொறந்து பாத்தேன். நம்ம வீட்டுச் சாமான் எல்லாத்துலயும் விலாசம் (பேரோட முதலெழுத்துக) வெட்டிருப்பாகள்ல, பெரிய பித்தளை அண்டா விளிம்புல புள்ளி புள்ளியா "பழ.தண்."னு இருக்கு. எங்க அப்பச்சிக்கும் பாட்டையாவுக்கும் (அப்பச்சியோட ஐயா) விலாசம் ஒண்ணுதான், ரெண்டு பேருமே பழனியப்பன் மகன் தண்ணீர்மலை, அதனால அண்டா யாருதுன்னு அப்பச்சியைக் கூப்புட்டுக் காமிச்சேன். பாட்டையாவுதாம். அவுக கல்யாணத்துக்கு வந்த சாமான். அப்பச்சி அங்கயே உக்காந்து வெரலால எழுத்தைத் தடவிக்கிட்டே ஒவ்வொண்ணா சொல்ல ஆரம்பிச்சாக, பாட்டையா கூடப் பொறந்தவுக மொத்தம் நாலு ஆம்பளைக, இவுக மூணாவது! அவுகளைப் பெத்தவுக பினாங்குல கிட்டங்கியில இருந்தவுக. அதுக்கு மேல உள்ள தலைமுறையில தண்ணீர்மலைன்னு ஒருத்தரும் இல்ல. நீங்க சொன்னது அப்படியே பொருந்துது.

பினாங்கு அண்ணே எழுதுனதை வீட்ல வாசிச்சுக் காமிச்சேன். சீனங்க தேங்கா ஒடைக்கிற எடத்துலதான் அவங்க மனசு மாறுச்சுன்னு நெனைக்கிறேன், உடனே வீடியோ தேடிப் பாத்தாங்க. சர்டிபிகேட்லயே தண்ணீர்மலைன்னு போடுறதா முடிவு பண்ணியாச்சு. இங்கிலீஷ்ல எழுதுறப்ப நடுவுல ஐ போடுறதா, ரெண்டு ஈ போடுறதா? அப்பச்சி பாஸ்போர்ட்ல ஒரு மாதிரி, பேங்க்ல ஒரு மாதிரி இருக்கு.

பினாங்குவாசி:

கேக்கவே சந்தோஷமா இருக்கு. பாஸ்போர்ட்ல உள்ளபடியே போடுங்க அண்ணே, பின்னால பேரன் ஐயாவோட சேந்து விசா எடுக்கறப்ப, சொத்துப் பத்திரம் எழுதுறப்ப கேள்வி வராது. அவசரமும் வேணாம், பொறப்பைப் பேரில்லாமப் பதிஞ்சிருந்தா 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாம பேரு சேத்துக்கலாம், அதுக்கு மேலயும் 15 வருஷம் வரைக்கும் லேட் ஃபீஸ் கட்டிச் சேக்கலாம். பையனுக்குப் புதுமைச் சடங்கு முடிஞ்சு நிதானமா எழுத்தெல்லாம் சரி பாத்துக் குடுங்க.

புதுவயல் ஆச்சி:

தம்பி, நீங்க எந்தக் கோயில்னு சொல்லலையே. எங்க மாமனார் மாத்தூர் கோயில், அவுகளுக்கு இந்தப் பேரு ஆத்தா வீட்டு வழியா, அவுக ஐயா பேரு, கோட்டையூர்தான் பூர்வீகம்னு சொல்லுவாக. ரெண்டாவது பையன் அவுக. உங்க பாட்டையாவுக்குப் பொம்பளப் புள்ளைக இருந்தாகளான்னு அப்பச்சியைக் கேட்டுச் சொல்லுங்க.