உச்சிப்புளி சொந்தங்கள் குரூப்

முருகன் துபாய்: நம்ம கடலோர ஊருல கட்டப்போற வீட்டு பிளான் வந்துருச்சு பாருங்க 👆 முன்னாடி மேக்க பார்த்து ஃபுல் கண்ணாடி, எல்லா ரூமுக்கும் ஏசி. கரண்டு பில்லு பயமில்ல, மாடில சோலார் போட்டுருவோம்

செல்வி அத்தை: சூப்பர்டா தம்பி 👌👌

கருப்பையா சித்தப்பா: மேக்க கண்ணாடியா? அந்த எஞ்சினியர் நம்மூரு சாயங்கால வெயில பார்த்திருக்காரா

சேகர் மச்சான்: 😂😂

முருகன் துபாய்: சன்ஷேடு இருக்கே சித்தப்பா

சேகர் மச்சான்: மச்சான் நாலு மணி வெயில் சாஞ்சு வரும், சன்ஷேடு அதுக்கு நிக்காது. உச்சி வெயிலுக்கு தான் அது உதவும். கண்ணாடி வச்சுட்டு உள்ள ஏசி போடுறதுன்னா காசு குடுத்து சூட்ட வாங்கி, மறுபடி காசு குடுத்து வெளிய தள்ளுற கதை. ஜன்னல தெக்க வச்சு கடல் காத்த உள்ள விடு, மேக்க பாத்ரூம், மாடிப்படி, ஸ்டோர் ரூம் எதையாவது தள்ளு

முருகன் துபாய்: சரி சோலாராவது ஓகேவா

சேகர் மச்சான்: ஓகே தான். 3 கிலோவாட் போட்டா ஒரு நாளைக்கு சுமாரா 12 யூனிட் வரும், மத்திய அரசோட சூர்யா கர் சோலார் திட்டத்துல மானியம் 78,000 ரூபா. அதுக்கு மேல எத்தன கிலோவாட் போட்டாலும் அதே 78,000 தான். ஆனா ஒண்ணு, பேட்டரி இல்லாத சோலார், ஈபி லைன்ல கரண்டு போனா அதுவும் நின்னுரும், புயல் நேரத்துல மாடில பேனல் இருந்தும் இருட்டுல தான் உக்காரணும், இத விக்கிறவன் முக்கால்வாசி பேரு சொல்றதே இல்ல

செல்வி அத்தை: அப்ப எதுக்குடா அது

சேகர் மச்சான்: அத்த பில்லு குறையும்ல

நிலா: அண்ணே முதல்ல ஃபேன மாத்துங்க. சாதா ஃபேன் 70, 75 வாட் இழுக்கும், கரண்டு கம்மியா இழுக்குற பிஎல்டிசி மோட்டார் ஃபேன் 30 சொச்சம் தான். மொட்டை மாடில வெள்ள கூலிங் டைல்ஸ் ஒட்டிருங்க, பகல்ல சூடு அதிகமா மேல இருந்து தான் இறங்குது

கருப்பையா சித்தப்பா: அதெல்லாம் அப்புறம் பேசுங்க, நான் இந்த கரையோரம் வேல பார்த்தவன் சொல்றேன், முதல்ல கம்பிய காப்பாத்தணும், உப்பு காத்து காங்கிரீட்டுக்குள்ள இறங்கி கம்பி துரு புடிச்சு வீங்கி சீலிங் பொத்துன்னு விழும், பத்து வருஷ வீட்டுலயே பார்த்திருக்கேன், வீட்ட இடிச்சு திருப்பி கட்டுனா சோலார்ல மிச்சம் புடிச்சதெல்லாம் எங்க போகும்

நிலா: சித்தப்பா சொல்றது நூத்துக்கு நூறு. கடற்கரை வீடுன்னா ஐஎஸ் 456ங்கிற இந்திய காங்கிரீட் விதிப்படி எம் 30 காங்கிரீட் (எம் நம்பர் கூடுனா பலம் கூடும்), கம்பிக்கு வெளிய 45 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பிய மூடுற காங்கிரீட் கனம். இந்த பிளான்ல எம் 20, கவர் 25னு போட்டிருக்கு. சிமெண்டும் ஸ்லாக் (இரும்பாலை கசடு) கலந்ததோ ஃப்ளை ஆஷ் (நிலக்கரி சாம்பல்) கலந்ததோ வாங்குங்க, உப்பு உள்ள போறத மெதுவாக்கும்

கருப்பையா சித்தப்பா: தண்ணிய விட்டுட்டியே. நம்ம போர் உப்பு கரிக்கிது. அதுல கலவ போடவும் கூடாது, க்யூரிங்குக்கு ஊத்தவும் கூடாது, லாரி தண்ணி தான். கடல் மண்ணு பக்கமே போகாத

முருகன் துபாய்: லாரி தண்ணிக்கே எம்புட்டு ஆகும் சித்தப்பா 😟

நிலா: அதுக்கு தான் சம்ப் முதல்ல வெட்ட சொல்றேன். 100 சதுர மீட்டர் மாடில 10 மில்லிமீட்டர் மழை பேஞ்சா 1000 லிட்டர். வர்ற ஐப்பசி, கார்த்திகை மழைய புடிச்சு வச்சா குடிக்க, சமைக்க ஆகும்

சேகர் மச்சான்: பேனல் கழுவவும் ஆகும், உப்பு படிஞ்சா கரண்டு குறையும். பேனல் ஸ்டாண்டு ஹாட் டிப் ஜிஐ (உருக்குன துத்தநாகத்துல முக்குன இரும்பு), போல்ட்டு துரு புடிக்காத எஸ்எஸ்ஸா வாங்கு. சாதா போல்ட்டு போட்டா கச்சான் காத்துல பேனல் எங்கிட்டு பறக்கும்னே தெரியாது

செல்வி அத்தை: அடுப்படில புகை போக ஜன்னல் எங்க? பிளான்ல காணோம்

முருகன் துபாய்: சிம்னி இருக்கு அத்த

செல்வி அத்தை: கரண்டு போனா?

சேகர் மச்சான்: 😂😂😂

முருகன் துபாய்: சரி சரி. கண்ணாடி மட்டும் வீட்டுக்காரி ஆசப்பட்டு கேட்டா, அவகிட்ட யாரு சொல்றது

நிலா: வடக்க மாத்திக்கலாம் அண்ணே, மதினிகிட்ட நான் பேசுறேன்

கருப்பையா சித்தப்பா: எஞ்சினியர் நம்பர போடு, கவர் விஷயம் நானே கேக்குறேன்