கோ பங்கான் பௌர்ணமிக் கொண்டாட்டம்: இரவு தங்குவது ஹாட் ரின்னிலா, சமுய் தீவிலா?

கேள்வி

வணக்கம். நானும் என் கணவரும், என் தம்பியும் அவன் மனைவியுமாக நால்வர், மாசி மாதப் பௌர்ணமியை ஒட்டித் தாய்லாந்து செல்கிறோம். கோ பங்கான் தீவில் நடைபெறும் ஃபுல் மூன் பார்ட்டியை ஒருமுறையேனும் பார்த்துவிட வேண்டும் என்பது தம்பியின் நெடுநாள் ஆசை. விமான நிலையம் சமுய் தீவில் இருப்பதால் அங்கேயே ஐந்து இரவுகளுக்கு விடுதி எடுத்துவிட்டோம். கொண்டாட்டத்தன்று மாலையில் படகில் சென்று விடியற்காலையில் திரும்பிவிடலாம் என்கிறார் என் கணவர். கோ பங்கானிலேயே ஸ்கூட்டர் எடுத்துத் தங்கிவிடலாம் என்கிறான் தம்பி. அவனைத் தவிர எங்களில் எவருக்கும் மது அருந்தும் பழக்கம் இல்லை. சென்று வந்தவர்கள் எது உசிதம் என்று சொன்னால் உதவியாக இருக்கும். குடிக்காதவர்களுக்கு அங்கே ரசிப்பதற்கு ஏதேனும் உண்டா என்பதையும் தெரிவியுங்கள்.

பதில் 1

சகோதரி, நான் இரண்டு முறை சென்றிருக்கிறேன். ஹாட் ரின்னிலேயே தங்குங்கள் என்பதுதான் என் கருத்து. தீவின் தென்கிழக்கு மூலையில் ஒடுங்கி நீண்டிருக்கும் நிலமுனைதான் ஹாட் ரின். அதன் கிழக்குக் கரையான ஹாட் ரின் நோக்கில் கொண்டாட்டம் நடைபெறுகிறது; மேற்குக் கரையான ஹாட் ரின் நாயில் படகுத்துறை இருக்கிறது. இரண்டுக்கும் இடையே கடைத்தெருக்களின் வழியாகச் சில நிமிட நடைதான். மேற்குக் கரைப் பக்கம் அறை எடுத்தால், களைத்த நேரத்தில் எவரையும் எதிர்பார்க்காமல் நடந்தே திரும்பிவிடலாம்.

திரும்பும் படகைத்தான் நான் அஞ்சுகிறேன். மாலையில் வரும்போது படகோட்டியும் பயணிகளும் தெளிவாக இருப்பார்கள். அதிகாலை மூன்று மணிக்கு மேல் துறையில் கூடும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு நிற்கவே முடியாது, ஆனாலும் எல்லோருக்கும் அடுத்த படகிலேயே ஏறிவிட வேண்டும். 2005 ஜனவரியில், இந்தக் கொண்டாட்டத்திலிருந்து சமுய்க்குத் திரும்பிய விரைவுப் படகு ஒன்று அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிச் சென்று கவிழ்ந்ததில் பலர் உயிரிழந்தனர். அதன் பிறகு கண்காணிப்பு கூடியிருக்கிறது என்றாலும், நெரிசலில் முண்டியடிப்பவர்களை எந்த விதியும் முழுமையாகத் தடுத்துவிடாது.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஹாட் ரின் விடுதிகள் பலவும் ஓர் இரவுக்கு மட்டும் அறை தருவதில்லை. மூன்று, நான்கு இரவுகளாவது எடுக்கச் சொல்லும். சமுய் முன்பதிவில் ஓரிரு இரவுகளை ரத்து செய்ய முடியுமா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள்.

பதில் 2

மேலே எழுதிய நண்பரோடு நான் ஒரு விஷயத்தில் மாறுபடுகிறேன். ஹாட் ரின்னில் அறை எடுத்தால் நடந்து திரும்பலாம் என்பது உண்மைதான். ஆனால் திரும்பித் தூங்க முடியும் என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அறையின் சன்னல் கண்ணாடி விடிய விடிய அதிர்ந்துகொண்டே இருந்தது. மேசைமேல் வைத்திருந்த தண்ணீர்க் குவளையில் வட்ட வட்டமாக எழுந்த நெளிவுகளைப் பார்த்துக்கொண்டே நான் காலை ஏழு மணி வரை விழித்திருந்தேன். விருந்துக்கு வந்தவர்களுக்கு இது குறையாகத் தெரியாது, குடிக்காதவர்களுக்குத் தெரியும்.

இரண்டாம் முறை சமுய்யின் பாங்ராக் பகுதியிலுள்ள பெரிய புத்தர் படகுத்துறையிலிருந்து சென்றோம். முன்கூட்டியே இருவழிச் சீட்டு வாங்கி, வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, நள்ளிரவு தாண்டி ஒரு மணி வாக்கில் திரும்பிவிட்டோம். அந்த நேரத்தில் துறையில் நெரிசலே இல்லை. உயிர்காப்பு அங்கி அணிவித்த பிறகுதான் படகை எடுத்தார்கள்; அணிவிக்காவிட்டால் நீங்களே கேட்டு வாங்குங்கள், தராத படகில் ஏறாதீர்கள்.

முன்னதாகவே சென்றதில் கிடைத்த பலன்தான் உங்கள் கடைசிக் கேள்விக்கு விடை. அந்தக் கரை கிழக்கு நோக்கியது. பௌர்ணமி நிலா, சூரியன் மறையும் வேளையில் நேர் எதிரே கடலிலிருந்து எழுந்து வரும். அப்போது மணலில் சில நூறு பேர்தான் இருப்பார்கள். கடைக்காரர்கள் விளக்குச் சரங்களைக் கட்டிக்கொண்டிருப்பார்கள். முகத்திலும் கைகளிலும் ஒளிரும் வண்ணம் தீட்டுபவர்கள் தங்கள் பலகைகளை விரித்துக்கொண்டிருப்பார்கள். ஒன்பது மணிக்கு மேல் ஒவ்வொரு மதுக்கூடமும் தன் ஒலிபெருக்கியைத் திறந்துவிட, ஒன்றில் டெக்னோ, பத்தடி தள்ளி ஹிப் ஹாப், அதற்கடுத்து டிரான்ஸ் என்று கரை நெடுக இசை மாறிக்கொண்டே போகும். குடிக்காமல் நான்கு மணி நேரம் தாராளமாக ரசிக்கலாம். அதற்கு மேல், உண்மையைச் சொன்னால், பிறர் குடித்ததைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கடலில் கால் நனைக்க விரும்பினால் இருட்டும் முன்பே நனைத்துவிடுங்கள். கழிப்பறைகளுக்குக் கட்டணம் உண்டு, கடலுக்கு இல்லை. மற்றதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

பதில் 3

படகா அறையா என்பதை அவர்கள் இருவரும் பேசிவிட்டார்கள். தம்பியின் ஸ்கூட்டர் யோசனையை மட்டும் தயவுசெய்து கைவிடச் சொல்லுங்கள். முதன்மைத் துறையான தோங் சாலாவிலிருந்து ஹாட் ரின்னுக்கு வரும் சாலையின் கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்ற இறக்கங்களும் வளைவுகளும் கொண்டது. பகலிலேயே பழகாதவர்கள் சறுக்கி விழுகிறார்கள். கால் முழுக்கக் கட்டுப் போட்ட பயணிகளைத் தீவெங்கும் பார்ப்பீர்கள். இரு சக்கர வாகனத்துக்கான பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி இல்லாமலோ மது அருந்திவிட்டோ ஓட்டி விபத்துக்குள்ளானால், பெரும்பாலான பயணக் காப்பீடுகள் பணம் தருவதில்லை. வாடகைக் கடையில் பிணையாகக் கடவுச்சீட்டைக் கேட்டால் கொடுக்கவும் கூடாது. இருபுறமும் நீள இருக்கை போட்ட சொங்தேவ் வண்டிகள் அன்றிரவு முழுவதும் ஓடுகின்றன, அவை போதும்.

அடுத்தது பக்கெட். பிள்ளைகள் மணலில் விளையாடும் அளவுள்ள சிறு நெகிழி வாளியில், உள்ளூர் ரம்மோ விஸ்கியோ ஒரு சிறு புட்டி, ஒரு குளிர்பானம், ஓர் ஊக்கபானம் ஆகியவற்றை ஊற்றிப் பனிக்கட்டி போட்டு உறிஞ்சுகுழல்களைச் செருகித் தருவார்கள். இனிப்பில் மதுவின் காரமும், ஊக்கபானத்தில் உள்ள காஃபீனால் மயக்கமும் தெரியாமல் போவதால், எவ்வளவு குடித்தோம் என்பது கால் தடுமாறும்போதுதான் புரியும். வாங்குவதாக இருந்தால், முத்திரை உடையாத புட்டியைக் கண்ணெதிரே திறந்து ஊற்றும் கடையில் வாங்கட்டும். வாளியைக் கீழே வைத்துவிட்டு ஆடப் போகவும் வேண்டாம்.

நெருப்புக் கயிற்றைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும். எரிபொருளில் நனைத்த நீண்ட கயிற்றுக்குத் தீ வைத்து இரு முனைகளிலும் இருவர் சுழற்ற, நடுவில் ஓடிப்போய்க் குதிப்பது அங்கே பெயர்போன விளையாட்டு. பார்ப்பதற்கு அழகுதான். என்னுடன் வந்த நண்பர் இரண்டு சுற்று நன்றாகவே குதித்தார். மூன்றாவதில் பக்கத்தில் குதித்தவர் தடுமாறி அவர்மேல் சாய, கயிறு கணுக்காலில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டது. ஒரு நொடிதான். தோல் பட்டையாக உரிந்துவிட்டது. அருகில் நின்ற யாரோ பனிக்கட்டியைக் கொண்டுவந்து தேய்க்கப் பார்த்தார்; அது தவறு. சுத்தமான நீரை இருபது நிமிடம் தொடர்ந்து ஊற்றிவிட்டுப் பின்தெருவில் இருந்த மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றோம். எஞ்சிய ஆறு நாட்களும் அவர் கடலில் இறங்கவில்லை.

அனைவரும் மூடிய காலணி அணிந்து செல்லுங்கள். நள்ளிரவுக்கு மேல் மணலில் கண்ணாடிச் சில்லுகள் கிடக்கும், ரப்பர்ச் செருப்பு மணலிலேயே கழன்று போகும். கடவுச்சீட்டை விடுதியின் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள். போதைப்பொருள் என்று எவர் எதை நீட்டினாலும் வாங்க வேண்டாம். தாய்லாந்துச் சட்டம் இதில் கடுமையானது, சாதாரண உடையில் காவலர்கள் கூட்டத்துக்குள்ளேயே இருப்பார்கள். மின்சிகரெட்டுக்கும் அந்நாட்டில் தடை உண்டு. சுற்றுலாக் காவல்துறையின் எண் 1155, அவசர மருத்துவ உதவிக்கு 1669.

பதில் 4

எல்லோரும் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள். மாசி வாக்கில் வரும் பௌர்ணமியில்தான் தாய்லாந்தில் மாக பூஜை கொண்டாடப்படுவது வழக்கம். புத்த சமயப் புனித நாட்களில் இந்தக் கொண்டாட்டத்தை நடத்துவதில்லை. பெரும்பாலும் மறுநாளுக்குத் தள்ளிவிடுவார்கள். விசாக பூஜை, ஜூலையை ஒட்டி வரும் ஆசாட பூஜை, அக்டோபரை ஒட்டிய தவக்கால நிறைவு ஆகியவற்றுக்கும் இதே நிலைதான். ஆசாட பூஜைக்கு அடுத்த நாளும் புனித நாள் என்பதால் அப்போது இரண்டு நாள் தள்ளிப்போவதும் உண்டு. நாட்காட்டியில் பௌர்ணமியைப் பார்த்து மட்டும் படகுச் சீட்டு வாங்கிவிடாதீர்கள்.

நிலா எழுவதைப் பற்றி இரண்டாம் பதிலில் சொன்னதற்கும் ஒரு திருத்தம்: ஒரு நாள் தள்ளிப்போனால் நிலா ஏறக்குறைய ஐம்பது நிமிடம் தாமதமாக எழும். நன்றாக இருட்டிய பிறகு கடலிலிருந்து வரும் அந்த நிலா, என் கண்ணுக்கு இன்னும் அழகு.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மிக்க நன்றி. நான்காம் பதிலைப் படித்த பிறகுதான் தேதியைச் சரிபார்த்தோம். நாங்கள் நினைத்திருந்ததற்கு மறுநாள்தான் கொண்டாட்டம். சமுய் அறையை அப்படியே வைத்துக்கொண்டு, மாலையில் சென்று நள்ளிரவு தாண்டியதும் திரும்பும் படகுக்குச் சீட்டு வாங்குவதாக முடிவு செய்துவிட்டோம். ஸ்கூட்டரைத் தம்பி விட்டுக்கொடுத்துவிட்டான். நெருப்புக் கயிற்றைப் பற்றி மட்டும் இன்னும் வாய் திறக்க மறுக்கிறான். மூன்றாம் பதிலை அவன் மனைவிக்கு அனுப்பியிருக்கிறேன்.