லெவிட்டவுன்: வீடு கொடுத்த ஊரா, விரட்டிய ஊரா?

செங்கல்சூளை: கறுப்பினத்தவரை விலக்கிய ஊர் என்று எல்லோரும் லெவிட்டவுனைத் திட்டுகிறீர்கள். லெவிட் கம்பெனி மொத்தமாகக் கட்டிய அமெரிக்கப் புறநகர் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்து திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களுக்குத் தங்க இடமில்லாத நேரம் அது. 1947ல் நியூயார்க் பக்கத்து லாங் ஐலண்டின் உருளைக்கிழங்கு வயலில் லெவிட் கம்பெனி கட்ட ஆரம்பித்தது. வேலையை 27 கட்டமாகப் பிரித்து, குழு குழுவாக வீடு மாறி மாறிப் போனார்கள். வேகம் பிடித்தபோது ஒரு நாளைக்கு 30 வீடு! 1951க்குள் 17,000க்கு மேல். முதலில் வந்தவர்களுக்கு மாத வாடகை 60 டாலர்.

மலர்விழி: யாருக்கு அந்த 60 டாலர் வீடு? வாடகை ஒப்பந்தத்தின் 25ஆம் பிரிவைப் படியுங்கள். வெள்ளையர் தவிர யாரும் குடியிருக்கக் கூடாது. வீட்டு வேலைக்காரர்களுக்கு மட்டும் விலக்காம்.

செங்கல்சூளை: அது அரசின் கொள்கை. கறுப்பினத்தவரைச் சேர்த்தால் கூட்டரசின் வீட்டுவசதி நிர்வாகம் கடனுக்கு உத்தரவாதம் தராது. உத்தரவாதம் இல்லையென்றால் ஊரே இல்லை. தனி ஒரு கம்பெனி என்ன செய்யும்?

கொடிக்கயிறு: குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். வேலி போடக் கூடாது, வாரம் தவறாமல் புல் வெட்ட வேண்டும், சனி ஞாயிறில் துணி காயப்போடக் கூடாது என்றெல்லாம் விதி வைத்தவர்கள் அவர்கள். இவர்களுக்கா ஒன்றும் செய்ய முடியவில்லை?

மலர்விழி: அதேதான். இனத்தைப் பார்த்து ஆளை விலக்கும் நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று 1948லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஒப்பந்தத்திலிருந்து அந்தப் பிரிவு போனது, வழக்கம் போகவில்லை. அப்புறம் 1957. அதே கம்பெனி பென்சில்வேனியாவில் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில் மையர்ஸ் என்ற கறுப்பினத் தம்பதி, ஒரு வெள்ளையரிடமிருந்து வீடு வாங்கிக் குடியேறினார்கள். வில்லியம் மையர்ஸும் ராணுவத்தில் இருந்தவர்தான். வீட்டு முன் நாள்கணக்கில் கும்பல், கல்வீச்சு. மாநிலப் போலீஸ் வர வேண்டியதாயிற்று. துணை நின்ற பக்கத்து வீட்டு வெக்ஸ்லர் குடும்பத்தின் சுவரில் கேகேகே (வெள்ளை இனவெறி அமைப்பான கூ க்ளக்ஸ் க்ளானின் சுருக்கம்) என்று எழுதினார்கள்.

செங்கல்சூளை: அந்தக் கும்பலை நான் ஆதரிக்கவில்லை. ஆனால் கல் எறிந்தது குடியிருந்தவர்கள், கட்டியவர் இல்லை. கறுப்பினத்தவருக்கு விற்றால் வெள்ளையர் வாங்க மாட்டார்கள் என்று லெவிட் பயந்தது வியாபாரக் கணக்கு.

மலர்விழி: கணக்கையே பார்ப்போம். நியூ ஜெர்சியில் கட்டிய மூன்றாவது லெவிட்டவுனில் வழக்கில் தோற்று, 1960ல் கறுப்பினத்தவருக்கும் விற்க வேண்டி வந்தது. கம்பெனி மூழ்கியதா? 1968ல் ஐடிடி என்ற பெரிய அமெரிக்க நிறுவனம் அதைச் சுமார் 9 கோடி டாலருக்கு வாங்கியது.

கொடிக்கயிறு: செங்கல்சூளை, பதில் உண்டா?

செங்கல்சூளை: 27 கட்டம் பற்றி வேறு இழை தொடங்குகிறேன்.